சாம்பல் அட்டையும் பித்தளைத் தகடும்

1

நம்மூர் வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு என் பிரெஞ்சு இந்திய அனுபவங்களை எழுதி அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டீர்கள். மூன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்தொன்பது வருஷமாக வில்லியனூரில் ஓர் அரிசி மில்லின் எண்ணெய் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம் என்ன பெரிய அனுபவம் இருந்துவிடப் போகிறது? கவர்னரைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். இங்கே கோயில் தேருக்கு வடம் தொட வந்தார். வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார், வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவ்வளவுதான்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடிதம் இல்லை, சைகோனிலிருந்து என் மகன் போட்ட கடிதம். அதில் வழக்கமாகக் கடைசியில் வருகிற ஒரு வரியை இந்தத் தடவை காணோம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கவரைக் கிழித்து உள்பக்கம்கூடப் பார்த்தேன். இல்லை.

நான் செய்த ஒரு காரியத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இங்கே அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். பத்திரிகையில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

2

மகனை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சிவஞானம். ஆறு வயதில் என்னோடும் தாயோடும் தலைமன்னாரில் கப்பலேறியவன். அதற்கு முன் நான் கொழும்பில் ஒரு கராஜில் வேலை செய்தேன். வில்லியனூர் மில் முதலாளி கதிர்காம யாத்திரை போகும்போது அவருடைய வாடகைக் கார் எங்கள் கராஜ் வாசலில் நின்றுபோனது. அரை மணி நேரத்தில் ஓட வைத்தேன். மனுஷர் அங்கேயே நின்று, என் மில்லுக்கு எஞ்சின்காரனாக வா என்றார். எனக்கும் கடல் தாண்ட ஆசை.

நான் புறப்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பு என் பெட்டிச் சாவியை ஒளித்து வைத்தார். சாவி இல்லாவிட்டால் மகன் போகமாட்டான் என்று நினைத்திருக்கிறார், பாவம். நான் கோடரிக் காம்பால் பூட்டை உடைத்துவிட்டு, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாவகச்சேரி ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்தக் கதையை இங்கே மில்லில் எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பெட்டி என்னிடம் வெகுகாலம் பூட்டில்லாமல் கயிறு கட்டிக் கிடந்தது.

தமிழ் நாட்டுக்குத்தானே போகிறோம், பாஷைக்கு என்ன குறை என்றுதான் வந்தோம். வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசை மேரி என்பார்கள். வந்த புதிதில் பதிவு எழுத அங்கே காலையிலிருந்து காத்திருந்து அலுத்துப்போய், ஆபீஸ் சேவகனிடம், "நான் வெளிக்கிடப் போறன்" என்றேன். அவன் மரியாதையாக என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பனந்தோப்பைக் காட்டிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீரும் கொடுத்தான். நான் வீட்டுக்குப் புறப்படுகிறேன் என்பதை அவனுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு தோப்புக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இந்த ஊரில் நான் வாழ்ந்த விதத்தைச் சொல்ல அது ஒன்றே போதும்.

மகன் அப்படி இல்லை. நாலாம் மாதமே என்னை ஐயா என்று கூப்பிடுவது போய் நைனா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். கேட்டதற்கு, இங்கே ஐயா என்றால் முதலாளி, உன்னை எப்படி அப்படிக் கூப்பிடுவது என்றான். என் மனைவி பொன்னம்மா மட்டும் கடைசிவரைக்கும் நம்மூர்க் கதைதான் கதைத்தாள். ஆறாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

3

காரின் கதைக்கு வருகிறேன்.

அபிஷேகப்பாக்கத்தில் முதலாளியின் சொந்தக்காரர் ஒருவருடைய கார் தீப்பிடித்து எரிந்து, அடிச்சட்டமும் சக்கரமுமாக வைக்கோல் கொட்டகையில் கிடந்தது. மகனுக்கு அப்போது இருபது வயது. மில்லில் எனக்குக் கையுதவியாக இருந்தான். அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு சோடி மாட்டைக் கட்டி வில்லியனூருக்கு இழுத்து வந்தான். பாலத்தில் மோதி நொறுங்கிய வேறொரு காரின் எஞ்சினை எங்கிருந்தோ பிடித்தான். லாரியிலிருந்து எடுத்த பெரிய கார்புரேட்டரை அதில் பூட்டினான். எஞ்சினின் தலையைத் தேய்த்து எடுத்தான், வால்வு ஸ்பிரிங்கை மாற்றினான். பாத்திரக்கார ஆசாரியிடம் மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்து வாங்கி இரண்டே பேர் உட்காரும்படி உடம்பு கட்டினான். தேருக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு வர்ணத்தை வாங்கிப் பூசினான்.

அவனுக்கு ஒரு பழக்கம். ஓட்டத்தில் கழன்றுவிடக்கூடிய நட்டுகளைச் செப்புக் கம்பியால் கட்டி மூன்று முறுக்கு முறுக்குவான். மூன்றுதான், கூடக் குறைய இல்லை. நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எஞ்சின் வேலையில் என்னைவிட அவன் கை நல்ல கை. இதை அவனிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

முதல் நாள் அந்த வண்டியின் ஆக்சிலேட்டரை அவன் அழுத்தியபோது பக்கத்தில் நான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது. "தம்பி, மெல்லமாய், மெல்லமாய்" என்று கத்தினேன். அவன் சிரித்தான். தாய் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புதுச்சேரி ரோடும் தண்டவாளமும் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போகிற இடம் ஒன்று உண்டு. ஒரு நாள் காலை அந்த இடத்தில் ரயிலை முந்திவிட்டான். ரயிலில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிக் கத்தினார்களாம். அந்த ரயிலில் ஒரு போலீஸ்காரரும் இருந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கம்பெனி பெயரும் இல்லாத, பதிவும் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று சொல்லி, ஸ்டியரிங்கில் கயிறு சுற்றி அரக்கு முத்திரை வைத்தார். மூன்று மாதத்துக்குள் மராமத்து எஞ்சினீர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் சாம்பல் நிறத்தில் ஓர் அட்டை தருவார்கள், அது இருந்தால் ஓடலாம். இல்லாவிட்டால் வண்டியைப் பிரித்துவிட வேண்டும்.

மகன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவனுடைய சிநேகிதன் ஒருவன் சைகோனில் ஒரு கராஜில் இருந்தான். வா வா என்று எழுதிக்கொண்டே இருந்தான். மகன் என்னிடம் நேராகவே சொன்னான்: "வண்டி பாஸாச்சின்னா நான் எங்கயும் போவல நைனா. இங்கயே ஓட்டிக்கினு இருப்பேன். பாஸாவலன்னா கப்பலேறிடுவேன். அப்பறம் என்னக் கேக்காத."

கேட்டீர்களா? அதுதான் எனக்கு வந்த பரீட்சை. அந்தச் சாம்பல் அட்டை கிடைத்தால் மகன் இருப்பான். கிடைக்காவிட்டால், என் வீட்டில் நானும் பொன்னம்மாவின் படமும்தான்.

4

விண்ணப்பப் பாரம் பிரெஞ்சில் இருந்தது. மேரியில் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர், வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். காலுக்கு ஒரு பிரேக், கைக்கு ஒரு பிரேக், இரண்டும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். முன்னால் இரண்டு விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. ஹாரன் தூரத்துக்குக் கேட்க வேண்டும். சக்கரத்துக்கு மேல் மட்காட் வேண்டும். செய்தவர் பெயரும் எஞ்சின் நம்பரும் தகட்டில் வெட்டி வைக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார்.

வேறு ஒருவனாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். எனக்குப் பயம் கூடிவிட்டது. எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்றால் அதில்தான் மடக்கப் போகிறார்கள் என்று மனம் சொன்னது. கொழும்புக் கராஜில் இருந்தபோது ஒரு பறங்கிப் பையன் இப்படித்தான் ஒரு காரைத் துரிதமாக ஓடும்படி மாற்றினான். பரிசோதிக்க வந்த துரை ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, இறங்கி, கையைத் துடைத்துவிட்டுப் போனார். காரணம் சொல்லவே இல்லை. அந்தக் கார் எங்கள் கராஜின் பின்னால் மழையில் நின்று துருப்பிடித்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். துரைமாருக்கு நம்மவன் கையிலிருந்து வருகிற வேகம் பிடிக்காது என்று அப்போதே என் மண்டையில் ஏறிவிட்டது.

பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் நான் இருந்த விதமும் அதுதான். சத்தமாகப் பேசமாட்டேன். மேரியில் நான் யாழ்ப்பாணத்தான், இங்கிலீஷ் பிரஜை என்று எழுதியிருக்கும். எதற்கும் முன்னால் போய் நிற்கமாட்டேன். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டதில்லை. மில்லில் என்னைவிட எஞ்சின் தெரியாதவன் எனக்கு எஞ்சின் சொல்லித்தருவான், நான் தலையாட்டுவேன். சின்னதாக இருந்தால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். மகனுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். அவன் கேட்கவில்லை.

இரண்டரை மாதம் அவனும் நானும் சேர்ந்து வேலை செய்தோம். மட்காட் அடித்தோம், விளக்கு வைத்தோம், பிரேக்குக் கம்பியை மாற்றினோம். அந்த இரண்டரை மாதம் எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது. எங்கே ஒரு போல்ட் வைப்பது என்பதற்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவோம், சேர்ந்து சாப்பிடுவோம். அவன் தாய் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

பரிசோதனை அன்று காலையில் அவன் குளத்துக்குக் குளிக்கப் போனான். நான் மில்லில் முதல் நாளே வெட்டி வைத்திருந்த பித்தளைத் தகட்டை எடுத்தேன். நடுவில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு துளை. கார்புரேட்டர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் இரண்டு நட்டைக் கழற்றி, அந்தத் தகட்டை இடையில் வைத்து, பழையபடி பூட்டினேன். மெதுவாக ஓட்டினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அழுத்தினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் எஞ்சினுக்குக் காற்று கிடைக்காது.

செப்புக் கம்பியில் அவனைப் போல முறுக்க எனக்கு நேரமில்லை. இரண்டே முறுக்கு முறுக்கிவிட்டுக் கையைக் கழுவினேன்.

5

பிரேக்கைச் சோதிக்க ஓர் ஏற்றம் வேண்டும் என்று எஞ்சினீர் துரை சொல்லி அனுப்பியிருந்தார். வில்லியனூரில் ஏற்றத்துக்கு எங்கே போவது? பார்த்த இடமெல்லாம் வயல், தட்டு மாதிரி கிடக்கிற பூமி. கடைசியில் ஊசுட்டேரிக் கரைக்கு மாட்டு வண்டி ஏறுகிற சரிவுதான் என்று முடிவாயிற்று. பங்குனி மாதம், ஏரியில் தண்ணீர் வற்றி இருந்ததால் ஏரிக்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

துரைக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய சண்டையில் அடிபட்டு ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். கூட, அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு துபாஷி. துரை யாரிடமும் ஒன்றும் கேட்காமல், வெள்ளைக் கோட்டோடு புழுதியில் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். செப்புக் கம்பிக் கட்டுகளைக் காட்டி ஏதோ சொன்னார். துபாஷி எங்களிடம் திரும்பி, துரை இந்த மாதிரி ஒழுங்கான வேலையைப் புதுச்சேரியிலேயே பார்த்ததில்லை என்கிறார் என்றான். மகன் காது சிவந்துவிட்டது. நான் கார்புரேட்டர் பக்கம் அவர் பார்வை போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு துரை பாரத்தை விரித்து, இதைச் செய்த கம்பெனி எது என்று கேட்கச் சொன்னார். மகன் சாதாரணமாக, "நான்தான் செஞ்சேன்" என்றான். துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். சிரித்தார். எழுதினார். செய்தவர்: சிவஞானம். செய்த இடம்: வில்லியனூர். அந்த வரியைத் துபாஷி படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் இந்த ஊர்ப் பெயரை இந்த அரசாங்கம் எழுதியது அதுதான் முதல் தடவை.

சரிவின் நடுவில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையை எடுக்க வேண்டும். வண்டி அசையக்கூடாது. மகன் ஏறி நிறுத்தினான், பிரேக்கைப் போட்டான், கையைத் தூக்கினான். வண்டி அசையவில்லை. அதற்குள் எங்கிருந்தோ மண்ணாங்கட்டி ஓடிவந்தான். மண்ணாங்கட்டி என்பது இங்கே உண்மையாகவே ஒரு மனுஷனுக்கு வைக்கிற பெயர். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காவிட்டால் அடுத்ததுக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள். மில்லில் மூட்டை தூக்குகிறவன், திருவிழாவில் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். சரிவில் சக்கரம் நின்றதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கொண்டுவந்திருந்த கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே சொருகிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தித் துரையைப் பார்த்து நின்றான்.

துரை கட்டையை எடுக்கச் சொல்லித் திரும்பவும் செய்யச் சொன்னார். மண்ணாங்கட்டி திரும்பவும் போட்டான். மூன்றாம் தடவை இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அது எப்டிபா, நிக்கிற தேருக்குக் கட்ட போடாம வுடறது" என்று அவன் புலம்பிக்கொண்டிருந்தான். துரை உட்பட எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அதுதான் கடைசி.

கடைசியாக, கரைமேல் நேராகப் போகிற பாதையில் இங்கிலீஷ் எல்லைக் கல் வரைக்கும் அழுத்தி ஓட்டி, பிரேக் பிடித்துக் காட்டச் சொன்னார்கள். துரையே மகனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வண்டி போயிற்று. பாதி தூரத்தில் எஞ்சின் மூச்சு முட்டி முக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மகனுக்கும் கேட்டிருக்கும். போய், நின்று, திரும்பி வந்தார்கள். துரை இறங்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிரேக் பிரமாதம் என்றார். பிறகு துபாஷியிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"ரயில முந்துன வண்டி இதானான்னு துரை கேக்குறாரு," என்றான் துபாஷி. "அத்தப் பாக்கணும்னுதான் அவரே நேர்ல வந்தாராம். இதுல அவ்ளோ வேகம் இல்லியேங்கறாரு."

மகன் என் பக்கம் திரும்பினான். ஒரு கணம்தான். என் முகத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டான். அந்த நேரத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பானெட்டைத் திறந்து காட்டியிருந்தால், அவனுக்கு மானம் போயிருக்காது. எனக்குத்தான் போயிருக்கும்.

"ஆமா துரை, இதான்," என்றான். "அன்னிக்கு ரயிலு மெதுவா வந்திச்சி."

துரை தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வேகம் எவ்வளவு இருந்தாலும் குற்றமில்லையா என்று நான் துபாஷியிடம் மெல்லக் கேட்டேன். அவன் துரையிடம் கேட்டான். எவ்வளவு வேகம் ஓடுகிறது என்பது செய்தவன் பாடு, நிற்கிறதா என்பதுதான் அரசாங்கத்தின் பாடு என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

6

எல்லோரும் போன பிறகு மகன் பானெட்டைத் திறந்தான். தகட்டின் ஓரம் வெயிலில் மின்னியது. இரண்டு முறுக்குப் போட்ட கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"உனக்காகத்தான் தம்பி செய்தனான்," என்றேன். "எனக்குப் பயமாய்க் கிடந்தது."

"தெரியும் நைனா," என்றான். பானெட்டை மூடினான். பிறகு, "பாஸான வண்டி என் வண்டி இல்ல. நீ பண்ண வண்டி. இங்க இருந்தேன்னா என்னியும் இப்டித்தான் பண்ணுவ," என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.

பத்து நாளில் கப்பல். அந்தப் பத்து நாளும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் முழுக்க வண்டியோடு இருந்தான். விளக்கைத் துடைத்தான், எண்ணெய் போட்டான். அதை நின்று பார்க்க எனக்கு முகமில்லை, மில்லுக்குப் போய்விட்டேன். நான் பூட்டை உடைத்த பெட்டியைத்தான் அவனுக்குக் கொடுத்தேன், வேறு பெட்டி வீட்டில் இல்லை. புதுச்சேரிக் கடல் பாலத்தில் நின்று படகு கப்பலைச் சேரும் வரைக்கும் பார்த்தேன். அப்பு சாவகச்சேரி ஸ்டேஷனுக்கு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சாம்பல் அட்டை அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தது.

7

நாலு வருஷத்தில் அவனிடமிருந்து எட்டுக் கடிதம். வேலை, சாப்பாடு, மழை எல்லாம் எழுதுவான். ஏழு கடிதத்திலும் கடைசியில் ஒரே வரி: வண்டி எப்படி ஓடுது நைனா?

என்னைக் குத்திக் காட்டுகிறான் என்றே நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரியைப் படித்ததும் முகம் எரியும். நல்லாய் ஓடுது என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன்.

வண்டியை நான் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேலே மூடியிருக்கிற படங்கை எடுத்துத் துடைத்து, கிளப்பி, மில் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புவேன். முன்னால் மாட்டு வண்டி போனால் அதன் பின்னாலேயே போவேன், முந்தமாட்டேன். தகட்டைக் கழற்றிவிட நினைத்ததுண்டு. ஆனால் தகடு இருக்கும்போதுதானே அரசாங்கம் பார்த்துக் கையெழுத்துப் போட்டது, கழற்றினால் அட்டை செல்லுமோ செல்லாதோ என்று ஒரு பயம். உண்மையான காரணம், அந்த இரண்டு நட்டைப் பார்க்க எனக்கு வெட்கம். நாலு வருஷம் அந்தப் பக்கம் பார்க்காமலேயே எண்ணெய் போட்டுவந்தேன்.

மில்லில் புதிய பையன்கள். என் பேச்சு அவர்களுக்குப் பாதி விளங்காது. நான் எஞ்சினோடு பேசிக்கொண்டிருப்பேன். சில நாள் காலையிலிருந்து இரவு வரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள். அதைக்கூடப் படுத்த பிறகுதான் கவனிப்பேன்.

போன வாரம் எட்டாவது கடிதம் வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயின் பெயரை வைத்திருக்கிறான். படித்து அழுதேன். கடைசிக்கு வந்தேன். இப்படிக்கு, சிவஞானம். அவ்வளவுதான். வண்டியைப் பற்றி ஒன்றுமில்லை.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. குத்திக் காட்டுவதையாவது செய்துகொண்டிருந்தான், அதையும் விட்டுவிட்டானே என்று இருந்தது. இன்றைக்கு, பரிசோதனை நடந்த அதே பங்குனி நாள். காலையில் எழுந்ததும், அட்டை போனால் போகட்டும், தகட்டைக் கழற்றி எடுத்து அவனுக்கே தபாலில் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மன்னிப்பு என்று எழுத எனக்கு வராது. தகட்டைப் பார்த்தால் அவனுக்கு விளங்கும்.

பானெட்டைத் திறந்தேன். புழுதியைத் துடைத்தேன். செப்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. முறுக்கை எண்ணினேன். மூன்று.

திரும்ப எண்ணினேன். மூன்றுதான்.

நட்டைக் கழற்றினேன். உள்ளே தகடு இல்லை. காகித வாஷர் மட்டும், சுத்தமாக வெட்டி வைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் நான் மில்லுக்கு ஓடிப்போனபோது அவன் செய்த வேலை. தகட்டை எடுத்துக்கொண்டு போனானா, ஏரியில் எறிந்தானா, தெரியாது. தன் வண்டியைப் பழையபடி தன் வண்டியாக்கி, அதை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு தரம், ஒரே ஒரு தரம் நான் அழுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதைத்தான் ஏழு கடிதத்தில் கேட்டிருக்கிறான். நான் நல்லாய் ஓடுது, நல்லாய் ஓடுது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பூட்டினேன். கம்பியை மூன்று முறுக்கு முறுக்கினேன். புதுச்சேரி ரோட்டுக்குப் போய் ரயில் வரும் வரைக்கும் காத்திருந்தேன். வந்தது. ஐம்பது வயதில் காலை ஊன்றி அழுத்தினேன். வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னலில் யாரோ துண்டை வீசினார்கள். ரயில் எனக்குப் பின்னால் போய்விட்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. மெல்லமாய், மெல்லமாய் என்று கத்துவதற்குப் பக்கத்துச் சீட்டில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து முதலில் அவனுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். வண்டி நல்லாய் ஓடுது என்று எழுதிவிட்டுப் பார்த்தேன். ஏழு தரம் எழுதிய அதே வரி. அவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? கிழித்துப் போட்டுவிட்டு வேறு காகிதம் எடுத்தேன். வேறு ஒன்றும் எழுத வரவில்லை. எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்.

"தம்பி, நீ தகட்டைக் கழற்றினது இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். நாலு வருஷமாய் நான் அழுத்தவே இல்லை."